கேள்வி நேரம்: படக்கென்று ஒடித்தால் வெளிச்சம்

போன இதழில் ஒருவர், "க்ளோ ஸ்டிக்குக்குள் பேட்டரி இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார், விழாக்களில் ஒடித்ததும் மின்னுமே, அந்தப் பிளாஸ்டிக் குச்சி. "இல்லை, உள்ளே நடப்பது வேதிவினை" என்று ஒரு வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம் என்று தோன்றுகிறது. பாதிப் பேர் அது எப்படி எரிகிறது என்று கேட்கிறார்கள், மீதிப் பேர் பிள்ளை குச்சியைக் கடித்துவிட்டான், நாய் குச்சியைக் கடித்துவிட்டது, கண்ணில் பட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். சரி, இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. கடித்த கேஸை முதலில் பார்த்துவிடுவோம்.

கேள்வி: பிறந்தநாள் விழா ஒன்றில் கொடுத்த க்ளோ ஸ்டிக் வளையலை என் மூன்று வயது மகன் கடித்துவிட்டான். நாக்கு, உதடு எல்லாம் பச்சையாக மின்னியது. பதறிப்போய் மருத்துவமனைக்கு ஓடினோம். அவர்கள் வாயைக் கழுவிவிட்டு, கொஞ்ச நேரம் உட்காரவைத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அலட்சியமாக விட்டுவிட்டார்களோ என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. உண்மையிலேயே விஷம் இல்லையா சார்?

அலட்சியம் இல்லைம்மா. அவர்கள் செய்ததுதான் சரி. க்ளோ ஸ்டிக்கைக் கடித்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வாய் எரிச்சல், தொண்டை கரகரப்பு, கொஞ்சம் குமட்டல், அதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. காரணம் சாதாரணமானது. வளையலுக்குள் இருப்பதே கொஞ்சம் திரவம்தான், அதிலும் குழந்தை விழுங்குவது சில சொட்டு. தவிர அது பயங்கரக் கசப்பு, இரண்டாவது வாய் யாரும் கேட்பதில்லை. வாய் மின்னுவதைப் பார்த்தால் நமக்குத்தான் உயிர் போகிறது, அந்த வெளிச்சத்தால் மட்டும் குழந்தைக்கு ஒரு கெடுதலும் இல்லை.

ஆனால் "விஷமே இல்லை" என்று பாக்கெட்டில் போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பல குச்சிகளில் கரைப்பானாக இருப்பது டைபியூட்டைல் தாலேட் என்கிற எண்ணெய் மாதிரியான பொருள். தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கண்ணில் பட்டால் நன்றாகவே எரியும். நீண்ட காலம் உடம்பில் சேர்ந்தால் இனப்பெருக்க மண்டலத்தைப் பாதிக்கும் என்பதால் ஐரோப்பாவில் பொம்மைகளின் பிளாஸ்டிக்கில் இந்த வகைத் தாலேட்டுகள் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டமே உண்டு. ஒருநாள் நாலு சொட்டு நாக்கில் பட்டதற்கு அந்தக் கவலை பொருந்தாது. வாரம் ஒரு குச்சியைக் கடித்து மெல்ல விட்டால் பொருந்தும்.

எனக்கு திரவத்தைவிடப் பெரிய கவலை கண்ணாடி. குச்சிக்குள்ளே மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கிறது, நாம் வளைக்கும்போது "படக்" என்று உடைவது அதுதான். பிள்ளை வெளிப் பிளாஸ்டிக்கைக் கடித்துக் கிழித்திருந்தால் திரவத்தோடு கண்ணாடித் துணுக்கும் வந்திருக்கலாம். அதனால் இனி எங்காவது இப்படி நடந்தால் முதலில் விரலை விட்டுத் துழாவாமல் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், ஈரத்துணியால் உதட்டையும் நாக்கையும் துடையுங்கள், வாய் கொப்பளிக்க வையுங்கள், கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள். கை, கன்னம், சட்டை என்று எங்கெங்கே பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் அதுவே மின்னிக் காட்டிக்கொடுக்கும், சோப்புப் போட்டுக் கழுவ வசதி. வாயில் ரத்தம், விழுங்க வலி, விடாத வாந்தி, இருமல், மூச்சுத் திணறல், இதில் எது இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

கண்ணில் தெறித்தால் கதை வேறு. ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடமாவது, கடிகாரத்தைப் பார்த்து, கழுவ வேண்டும். இரண்டு நிமிடத்தில் பிள்ளை கத்துகிறது என்று நிறுத்திவிடுவார்கள், அதுதான் பிரச்சினை. கான்டாக்ட் லென்ஸ் போட்டவர்கள் அதைக் கழற்றிவிட வேண்டும். கழுவிய பிறகும் உறுத்தலோ மங்கலோ இருந்தால் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள், கண்ணாடித் துகள் இருக்கலாம்.

கேள்வி: எங்கள் பூனை கடித்துவிட்டு வாயில் நுரை தள்ளிக்கொண்டு வீடு முழுக்க ஓடியது. செத்துவிடும் என்றே நினைத்தோம்.

கசப்பு தாங்காமல் எச்சில் ஒழுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பூனை உடம்பை நக்கும் பிராணி, ரோமத்தில் ஒட்டியிருந்தால் ஒவ்வொரு முறை நக்கும்போதும் மறுபடி நுரை தள்ளும். இருட்டறையில் வைத்துப் பார்த்து, மின்னுகிற இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: கல்லூரியில் வேதியியல் படிக்கிறேன். "வேதிவினை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டீர்களே, கொஞ்சம் விளக்கமாகச் சொல்லக்கூடாதா?

சொல்லலாம் தம்பி. உள்ளே இரண்டு அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் குழாய்க்குள் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு, கூடவே வினையூக்கியாகக் கொஞ்சம் சோடியம் சாலிசிலேட் மாதிரி மென்மையான காரம். வெளியே பிளாஸ்டிக் குழாயில் ஆற்றலைத் தரப்போகிற ஆக்சலேட் எஸ்டர் என்ற பொருளும் ஒரு சாயமும், எண்ணெய் போன்ற கரைப்பானில் கரைந்து நிற்கின்றன. சில கம்பெனிகள் இதைத் தலைகீழாகவும் வைப்பதுண்டு. இரண்டும் சேராதவரை எதுவும் நடக்காது.

ஒடித்ததும் பெராக்சைடு எஸ்டரைத் தாக்குகிறது. எஸ்டரின் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்த ஃபீனால்கள் கழன்று விழுகின்றன. நடுவில் மிஞ்சுவது இரண்டு கார்பனும் இரண்டு ஆக்சிஜனும் ஒரு சின்னச் சதுர வளையமாக நெருக்கப்பட்டு, வெளியே இன்னும் இரண்டு ஆக்சிஜன் ஒட்டிய மூலக்கூறு, டைஆக்சிடேன்டையோன் என்று பெயர். அது நிம்மதியாக இருக்க வழியே இல்லாத அமைப்பு. எப்போது உடையலாம் என்று துடித்துக்கொண்டிருக்கும், உடைந்தால் இரண்டு கார்பன் டை ஆக்சைடு. ஆயுள் அவ்வளவு குறைவு என்பதால் அதைக் கையும் களவுமாகப் பிடிக்க முயன்ற ஆய்வாளர்களுக்குப் பல வருடம் தண்ணி காட்டியது.

இனிதான் விஷயம். அது உடையும்போது வருகிற ஆற்றல் வெறும் வெப்பமாகப் போயிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது வெதுவெதுப்பான ஒரு குச்சி. ஆனால் பக்கத்தில் சாயம் இருக்கிறது. சாய மூலக்கூறு ஒரு எலெக்ட்ரானைக் கொடுத்து வளையத்தை உடைய வைக்கிறது, உடைந்த வேகத்தில் அந்த எலெக்ட்ரான் திரும்பி வந்து சேரும்போது சாயம் கிளர்வுநிலைக்கு, அதாவது ஆற்றல் கூடிய நிலைக்கு, ஏறிவிடுகிறது. அங்கிருந்து கீழே இறங்கும்போது ஒளியை விடுகிறது. சாயம் இங்கே தரகர் மாதிரி: சரக்கு அவருடையது இல்லை, கைமாற்றி விடுவது மட்டும்தான் அவர் வேலை, வியாபாரம் முடிந்ததும் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். ஒரே சாய மூலக்கூறு இப்படித் திரும்பத் திரும்ப வேலை செய்யும். தீர்ந்துபோவது எஸ்டரும் பெராக்சைடும்.

இந்தக் குடும்பத்து வினையை முதலில் காட்டியவர் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்வின் சாண்ட்ராஸ். 1960களின் தொடக்கத்தில் ஆக்சலைல் குளோரைடையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஒரு சாயத்தோடு கலந்து ஒளி வருவதைப் பார்த்தார், 1963இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். வெளிச்சம் ரொம்ப மங்கல், தவிர ஆக்சலைல் குளோரைடு மூக்கைத் துளைக்கிற, ஈரம் பட்டால் அமிலம் கக்குகிற சமாச்சாரம். அதை யாரும் வளையலாகப் போட முடியாது. பிறகு அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தில் மைக்கேல் ரவுஹட் தலைமையிலான குழு, குளோரைடுக்குப் பதில் ஃபீனால் எஸ்டர்களைப் போட்டுப் பார்த்து, மணிக்கணக்கில் நிதானமாக ஒளிரும் கலவையாக அதை மாற்றியது. சயலூம் என்ற வணிகப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். என்னைக் கேட்டால் பாதிப் பெருமை அந்தக் கண்ணாடிக் குழாய் யோசனைக்குத்தான் போக வேண்டும். கலந்தால் ஒளி வரும் என்று கண்டுபிடிப்பது ஒன்று, வேண்டிய நேரம் வரை கலக்காமல் பையில் வைத்துக்கொள்ள வழி செய்வது இன்னொன்று.

பரீட்சைக்கு வேண்டுமானால் ஒரு குறிப்பு: எஸ்டரில் டி.சி.பி.ஓ., சி.பி.பி.ஓ. என்று இரண்டு பேர் பிரபலம். முன்னது வினைபுரிந்தபின் டிரைகுளோரோஃபீனாலை விடும், அது புற்றுநோய் உண்டாக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் பொருள். வணிகக் குச்சிகளில் அதிகம் பேசப்படுவது பின்னது.

கேள்வி: நிறத்துக்கு நிறம் உள்ளே வேறு வேறு ரசாயனமா?

சாயம் மட்டும் வேறு. நீலத்துக்கு டைஃபீனைல்ஆந்த்ரசீன், பச்சைக்கு அதன் உறவுக்காரரான பிஸ்-ஃபீனைல்எத்தினைல்-ஆந்த்ரசீன், மஞ்சள் ஆரஞ்சுக்கு ரூப்ரீன். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். சில குச்சிகளில் பிளாஸ்டிக் குழாய்க்கே சாயம் ஏற்றியிருப்பார்கள். கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு ஒளி விடும் குச்சிகளும் உண்டு. இரவுப் பார்வைக் கருவி வைத்திருக்கும் ராணுவத்தினருக்கு மட்டும் தெரியும், பக்கத்தில் நிற்பவனுக்கு வெறும் பிளாஸ்டிக் குச்சி.

கேள்வி: ஃப்ரீசரில் வைத்தால் மறுநாளும் எரியும் என்கிறார்கள், வெந்நீரில் போட்டால் பிரகாசம் கூடும் என்கிறார்கள். இரண்டில் எது உண்மை?

இரண்டும் உண்மை. வெப்பம் கூடினால் வினை வேகமெடுக்கும், தோராயமாக 10 டிகிரிக்கு இரண்டு மடங்கு என்பது வேதியியலில் பழைய கைக்கணக்கு. வெந்நீரில் போட்டால் குச்சி பளீரென்று எரிந்து சீக்கிரம் செத்துப்போகும். ஃப்ரீசரில் மங்கிப்போய், சரக்கைச் சிக்கனமாகச் செலவழிக்கும். வெளியே எடுத்துச் சூடேறியதும் மிச்சத்தைக் காட்டும். முழுக்க நின்றுவிடாது என்பதால் ஒரு வாரம் கழித்து எடுத்து ஏமாறாதீர்கள். மொத்தமாக வருகிற வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு உண்டு, அதை அவசரமாகச் செலவழிக்கிறோமா மெதுவாகவா என்பதுதான் நம் கையில். கடையில் 5 நிமிடக் குச்சி, 12 மணி நேரக் குச்சி என்று தனித்தனியாகக் கிடைப்பதும் இதே கதைதான், வினையூக்கியின் அளவையும் கலவையையும் மாற்றியிருப்பார்கள்.

வெந்நீர் என்றால் கை பொறுக்கிற வெந்நீர். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் பிளாஸ்டிக் இளகும். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கவே கூடாது, அந்த யோசனையை எழுதியிருந்த மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். உள்ளே திரவம் சூடாகி, போக்கிடம் இல்லாமல் குழாய் வீங்கி வெடிக்கும், அதுவும் பெரும்பாலும் நீங்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற நேரம் பார்த்து. சூடான எண்ணெயும் கண்ணாடித் தூளும் முகத்தில் அடிக்கும். அப்படிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: இது ரேடியம்தானே? கதிர்வீச்சு வராதா?

இல்லை. நம் ஊர் பேச்சில் இருட்டில் மின்னுகிற எல்லாவற்றுக்கும் "ரேடியம்" என்று பெயர் வைத்துவிட்டோம், வண்டியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் உட்பட. அந்த ஸ்டிக்கர் தன்மேல் படுகிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவே. சுவரில் ஒட்டுகிற நட்சத்திரங்கள் பகலில் வாங்கிய ஒளியை இரவில் மெல்ல விடுகின்றன. க்ளோ ஸ்டிக் வேதிவினையால் எரிகிறது. நிஜ ரேடியம் இருந்தது நூறு வருடத்துக்கு முந்தைய கைக்கடிகார முகப்புகளில். அமெரிக்காவில் அந்தப் பெயிண்டைப் பூசிய தொழிலாளிப் பெண்கள், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூர்மையாக்கியே ரேடியத்தை விழுங்கி, தாடை எலும்பு அரித்துச் செத்தார்கள். அந்தப் பயம் பெயரோடு சேர்ந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது போல.

கேள்வி: குச்சியை வெட்டி அந்தத் திரவத்தை பாட்டிலில் ஊற்றினால் அழகான விளக்கு, முகத்தில் பூசினால் மேக்கப் என்று வீடியோக்கள் வருகின்றனவே அண்ணா, செய்யலாமா?

செய்யக்கூடாது. நான் செய்தேன் என்பதால் சொல்கிறேன். ஒருமுறை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வித்தை காட்டுகிறேன் பேர்வழி என்று கத்தரிக்கோலால் நுனியை வெட்டினேன். அழுத்தம் இருந்திருக்கிறது போல, முதல் சொட்டே மூக்குக்கண்ணாடியில் வந்து விழுந்தது. கண்ணாடி மட்டும் போடாமல் இருந்திருந்தால் இந்தப் பதிலை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள். மீதி மேஜையில் கொட்டியது. துடைத்துவிட்டேன், மறுநாள் பார்த்தால் அந்த இடத்தில் வார்னிஷ் பிசுபிசுவென்று இளகிக் கிடக்கிறது. டைபியூட்டைல் தாலேட்டின் குணம் அது: பிளாஸ்டிக்கை இளக வைக்கவே அதைத் தொழிற்சாலைகளில் சேர்க்கிறார்கள். நெயில் பாலிஷ், பெயிண்ட், மொபைல் கவர் எதையும் விட்டுவைக்காது. சட்டையில் பட்ட சாயம் போகாது. மேஜைக்கே இந்தக் கதி என்றால் கன்னத்தில் எதற்கு? கூடவே, பாட்டிலில் ஊற்றும்போது கண்ணாடித் துணுக்கும் சேர்ந்துதான் விழும், இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: குளிர்பானத்தில் சோடா உப்பும் கடையில் விற்கும் பெராக்சைடும் கலந்தால் க்ளோ ஸ்டிக் மாதிரியே ஒளிரும் வீடியோ பார்த்தேன். நான் செய்தபோது வெறும் நுரைதான் வந்தது. எங்கே தவறு?

தவறு வீடியோவில். ஆக்சலேட் எஸ்டரும் இல்லை, ஒளிரும் சாயமும் இல்லை, அப்புறம் வெளிச்சம் எங்கிருந்து வரும்? அந்த மாதிரி வீடியோக்களில் ஒரு க்ளோ ஸ்டிக்கைக் கேமராவுக்குத் தெரியாமல் பாட்டிலில் ஊற்றிவிடுவார்கள். நுரைத்ததைக் குடிக்காமல் கொட்டிவிட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: அணைந்துபோன குச்சியை மறுபடி எரிய வைக்க முடியுமா?

முடியாது. ஆனால் புறஊதா விளக்கு இருந்தால் அதன்முன் பிடித்துப் பாருங்கள், செத்த குச்சி மறுபடி ஒளிரும். தரகர் இன்னும் உள்ளேயே இருக்கிறார், சரக்குதான் தீர்ந்துவிட்டது. விளக்கை எடுத்தால் அணைந்துவிடும்.

கேள்வி: வாங்கி இரண்டு வருடம் அலமாரியில் இருந்த குச்சிகள் ஒடித்தும் சரியாக எரியவில்லை. கம்பெனி ஏமாற்றிவிட்டதா?

உறை கிழிந்திருந்ததா பாருங்கள். அந்த வெள்ளித்தாள் உறை அலங்காரத்துக்கு இல்லை. பிளாஸ்டிக் வழியாக ஈரப்பதம் மெதுவாக உள்ளே போய் எஸ்டரைக் கெடுத்துவிடும், உறை அதைத் தடுக்கிறது. அவசரகாலப் பையில் வைக்கிறவர்கள் உறையைப் பிரிக்காமல், சூடு படாத இடத்தில் வைத்து, மேலே போட்டிருக்கும் தேதியைப் பார்த்து மாற்றுவது நல்லது. ஒடித்தபின் நன்றாகக் குலுக்கவும் வேண்டும், பாதிப் பேர் அதைச் செய்வதில்லை.

கேள்வி: டார்ச் இருக்கும்போது இதை எதற்கு அவசரகாலப் பையில் வைக்க வேண்டும்? விழாச் சாமான்தானே இது?

எரிவாயு கசிகிற வீட்டில் சுவிட்சைத் தொடாதே என்கிறோம் இல்லையா, ஒரு சின்னத் தீப்பொறி போதும் என்பதால். க்ளோ ஸ்டிக்கில் மின்சாரமும் இல்லை, சுடரும் இல்லை, பொறியும் இல்லை. ஒடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம், அங்கேயே நின்று கசிவைத் தேட வேண்டாம். தண்ணீருக்குள்ளும் எரியும் என்பதால் இரவில் முக்குளிப்பவர்கள் முதுகில் மாட்டும் காற்று சிலிண்டரில் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள், ஒருவரை ஒருவர் தொலைக்காமல் இருக்க.

மீன்பிடிப்பிலும் இது நிறையப் போகிறது. ஆழ்கடலில் சூரையும் வாள்மீனும் பிடிக்கிற நீளத் தூண்டில் படகுகள், தூண்டில் கயிற்றில் வரிசையாக இவற்றைக் கட்டிவிடுகின்றன. வெளிச்சத்துக்கு மீன் மட்டும் வருவதில்லை. இளம் பெருந்தலைக் கடலாமைகளும் எரிகிற குச்சியை நோக்கி நீந்துகின்றன என்று 2007இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அறுந்துபோன குச்சிகள் கரை ஒதுங்குகின்றன. பிரேசிலின் பஹியா கடற்கரையில் அப்படி ஒதுங்கியதைப் பொறுக்கி, உள்ளே இருப்பது ஏதோ நல்ல எண்ணெய் என்று நம்பி வலிக்கு உடம்பில் தேய்த்துக்கொண்டவர்கள் இருந்திருக்கிறார்கள். படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முடிந்த குச்சியை உடைக்காமல் அப்படியே குப்பையில் போடுங்கள், வெட்டிச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் மறுசுழற்சிக் கூடையும் வேண்டாம், உள்ளே கண்ணாடியும் ரசாயனமும் இருக்கிறது.

கேள்வி: எட்டு வயது வாசகி எழுதியது. மின்மினிப் பூச்சி வயிற்றுக்குள்ளும் யாராவது குச்சியை உடைத்து வைத்திருக்கிறார்களா?

இல்லை கண்ணு, ஆனால் நீ கேட்டது கிட்டத்தட்ட சரி. அதன் வயிற்றிலும் வேதிவினைதான். லூசிஃபெரின் என்று ஒரு பொருள், லூசிஃபெரேஸ் என்று ஒரு நொதி, பூச்சியின் உடம்பிலேயே இருக்கிற ஆற்றல், அதோடு மூச்சில் வருகிற ஆக்சிஜன், இதெல்லாம் சேர்ந்தால் வெளிச்சம். இப்படி நூறு மூலக்கூறு வினைபுரிந்தால் சுமார் 41 ஒளித்துகள் வெளியே வருகிறது என்று 2008இல் அளந்திருக்கிறார்கள். வேதிவினையால் ஒளிர்கிறவர்களில் அது நல்ல மார்க்.

இன்னொரு வித்தையும் மின்மினிக்குத் தெரியும். ஆக்சிஜனை விட்டுவிட்டு அனுப்பி, வேண்டும்போது எரிய வைக்கும், வேண்டாதபோது அணைத்துவிடும். நம் குச்சியை ஒருமுறை ஒடித்துவிட்டால் அவ்வளவுதான், தூங்கப் போகிறேன் அணைந்து தொலை என்றாலும் கேட்காது. போர்வைக்குள் ஒளித்து வைத்தாலும் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.